முதல் வாரத்திலேயே உதவி கேளுங்கள்: பட்டப்பின் படிப்புக்குப் போகும் மலையகப் பட்டதாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கைமாரே,

இவ்வருடம் பட்டப்பின் டிப்ளோமாவுக்கோ முதுமாணிக்கோ (எம்.ஏ. போன்றவை) முதுதத்துவமாணிக்கோ (எம்.ஃபில்.) பதிவு செய்திருக்கும் உங்களுக்கும், விண்ணப்பப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் உங்களுக்கும் இதை எழுதுகிறோம். உங்களில் பெரும்பாலானோர் ஆசிரியர்கள். மற்றவர்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக, வங்கி ஊழியர்களாக, தொண்டு நிறுவனங்களில் களப் பணியாளர்களாக இருக்கிறீர்கள். பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் இராகலையிலும் சனிக்கிழமை விடியுமுன் பஸ் ஏறி, பேராதனையில் விரிவுரை கேட்டுவிட்டு இரவோடு வீடு திரும்பப் போகிறவர்கள்.

இடையில் நின்றுபோகும் மலையக மாணவர்களிடம் நாங்கள் காண்பது பெரும்பாலும் அறிவுக் குறைவு அல்ல. பதிவைப் புதுப்பிக்கும் திகதி தெரியாமல் போயிருக்கும். மேற்பார்வையாளருக்கு எழுதக் கூச்சப்பட்டே மாதங்கள் ஓடியிருக்கும். கட்டணத் தவணை பிந்தியிருக்கும். குழந்தை பிறந்த வருடத்தில் ஒத்திவைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் பல்கலைக்கழகத்தில் பொறுப்பான ஓர் ஆளும் ஒரு படிவமும் உண்டு. சிக்கல் முற்றிய பிறகு போனால், அலுவலர் மனம் வைத்தாலும் விதி இடம் கொடாது. முன்கூட்டிப் போனால் பல விடயங்கள் ஒரு கடிதத்தோடு தீர்ந்துவிடும். ஆகவே உதவி கேட்பதையும் படிப்பின் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இளமாணிக் காலத்தில் விடுதி இருந்தது, மகாபொல புலமைப்பரிசில் இருந்தது, பரீட்சைக்கு முதல் நாள் இரவு நோட்ஸ் தர உடன்படித்த பட்ச் இருந்தது. பட்டப்பின் படிப்பில் இந்த மூன்றும் இல்லை. இலவசக் கல்வி முதற்பட்டத்தோடு நின்றுவிடுகிறது. இனி நீங்கள் கட்டணம் கட்டும் மாணவர். பெரும்பாலும் வார இறுதி மாணவர். தகவல் தானாக உங்கள் காதுக்கு வராது.

பதிவு செய்யுமுன் படிப்பின் பெயரை மட்டும் பார்க்காமல், இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் அது எந்த மட்டம் என்று பாருங்கள். பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் மட்டம், 20 கிரெடிட். பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், 25 கிரெடிட். பாடநெறிகள் மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வோடு கூடிய முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 ஆய்வுக்குரியது. முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. “இரண்டும் எம்.ஏ.தானே” என்று குறைந்த கட்டணத்துக்கு 9ஆம் மட்டத்தில் சேர்ந்துவிட்டு, பின்னர் ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது தடுமாறுகிறவர்கள் உண்டு. பின்னாளில் கலாநிதிப் பட்டம் வரை போக எண்ணம் இருந்தால் 10ஆம் மட்டத்தைத் தேடுங்கள். மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். நீங்கள் எதிலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து நுழைவு நிபந்தனை மாறலாம். இதை அறிவித்தல் பலகையைப் பார்த்து ஊகிக்காமல், உதவிப் பதிவாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நேரக் கணக்கையும் அன்றே போட்டுவிடுங்கள். அதே சட்டகத்தின்படி ஒரு பாட கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல் எதிர்பார்க்கப்படுகிறது. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். ஆய்வு கிரெடிட் என்றால் குறைந்தது 100 மணித்தியாலம். 30 கிரெடிட் முதுமாணிக்கு 1500 மணித்தியாலம் வருகிறது. அதை ஒரு வருடத்தில் முடிக்க வாரத்துக்கு ஏறத்தாழ 30 மணித்தியாலம் வேண்டும். இரண்டு வருடம் என்றால் 15. ஆய்வோடு கூடிய 60 கிரெடிட்டில் 45 பாடமும் 15 ஆய்வும் என்று வைத்தால் 2250உம் 1500உம் சேர்ந்து 3750. மூன்று வருடத்துக்குப் பரப்பினாலும் வாரத்துக்கு ஏறத்தாழ 25 மணித்தியாலம். சனிக்கிழமை விரிவுரையை மட்டும் எண்ணிக்கொண்டு சேர்கிறவர்கள் இரண்டாவது செமஸ்டரில் திணறுவது இதனால்தான். பாடசாலையில் தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் வாரங்களும் ஒப்படைக் கெடுவும் ஒன்றாக வந்து விழும். வருட ஆரம்பத்திலேயே இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்து, மோதும் வாரங்களைக் குறித்து, அவற்றுக்குரிய ஒப்படைகளை இரண்டு வாரம் முந்தி முடிக்கத் திட்டமிடுங்கள். இந்தக் கணக்கை வீட்டிலும் சொல்லுங்கள். சனிக்கிழமை மட்டும்தான் படிப்பு என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தால், புதன்கிழமை இரவு நீங்கள் புத்தகம் விரிப்பது அவர்களுக்குப் புரியாது. பெண்களுக்கு இது இரட்டிப்புச் சுமை என்பது தெரிந்ததே. வாரத்தில் எந்த இரண்டு மாலைகளில் அடுப்படி வேலையை யார் பார்ப்பது என்பதைப் பதிவு செய்யுமுன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முகவரி. சிறியதாகத் தெரியும், ஆனால் இதனால் வருடமே போகும். லயத்து வீடுகளுக்கு (தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளுக்கு) தனி இலக்கம் இல்லாததால் கடிதங்கள் தோட்டக் கந்தோரில் தேங்குவது மலையகம் முழுக்கத் தெரிந்த கதை. பதிவுப் புதுப்பித்தல், கட்டண நினைவூட்டல், முன்மொழிவு மதிப்பீட்டாளரின் குறிப்புகள் எல்லாம் அங்கே கிடந்து காலம் கடந்துவிடும். பாடசாலை முகவரியையோ நகரத்தில் கடை வைத்திருக்கும் உறவினர் முகவரியையோ கொடுங்கள். பல்கலைக்கழகம் மின்னஞ்சல் முகவரி தந்தால் அதைக் கைத்தொலைபேசியில் போட்டு, வாரத்தில் இரண்டு நாள் திறந்து பாருங்கள். பதிவு முடியும் திகதியை வீட்டு நாட்காட்டியில் மட்டும் எழுதாமல், அதற்கு 60 நாள் முந்திய திகதியில் கைத்தொலைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். காலநீட்டிப்பு விண்ணப்பம் பதிவு உயிரோடிருக்கும்போது கொடுக்க வேண்டியது. அது மேற்பார்வையாளரின் பரிந்துரையோடு குழுக் கூட்டத்துக்குப் போகும். குழு மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடலாம். 60 நாள் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

இனி மேற்பார்வையாளர். மலையகப் பிள்ளைகள் அதிகம் பின்வாங்கும் இடம் இது. “சேர் பிஸியாக இருப்பார், தொந்தரவு செய்யக்கூடாது” என்று ஒரு மாதம் தள்ளுவீர்கள். ஒரு மாதமாக எழுதாததே வெட்கமாகி இன்னொரு மாதம் தள்ளுவீர்கள். அவரோ, நீங்கள் படிப்பை விட்டுவிட்டீர்கள் என்று முடிவு கட்டியிருப்பார். அத்தியாயம் முழுதாக முடிந்த பிறகே காட்டுவேன் என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. 60 பக்கத்தை ஒன்றாக அனுப்பினால் அதைப் படிக்க அவருக்கு ஒரு முழுநாள் வேண்டும். அந்த நாள் செமஸ்டர் நடுவில் கிடைக்காது. நான்கைந்து பக்கம் அனுப்புங்கள். மின்னஞ்சலின் தலைப்பில் உங்கள் பெயர், பதிவு இலக்கம், என்ன வேண்டும் என்ற மூன்றும் இருக்கட்டும். உள்ளே இப்படி எழுதினால் போதும்:

“சேர், இரண்டாம் அத்தியாயத்தின் 4 பக்கங்களை இணைத்துள்ளேன். மூன்று விடயங்களில் உங்கள் கருத்து வேண்டும். 1. தோட்டப் பாடசாலைகள் அரசுடைமையாகுமுன் இருந்த நிலையை இங்கே சொல்வதா, அடுத்த அத்தியாயத்தில் சொல்வதா? 2. மாதிரிக்கு எடுத்த 6 பாடசாலைகள் போதுமா? 3. பக்கம் 3இல் உள்ள அட்டவணை தேவையா? இம்மாதம் 20ஆம் திகதிக்குள் பதில் கிடைத்தால் அடுத்த பகுதியைத் தொடங்குவேன்.”

இலக்கமிட்ட கேள்விக்குப் பதில் எழுத ஐந்து நிமிடம் போதும். “எப்படி இருக்கிறது சேர்?” என்ற கேள்விக்கு முழு அத்தியாயத்தையும் படித்தாக வேண்டும். சந்திப்பு நடந்தால் அன்றோ மறுநாளோ ஐந்து வரியில் எழுதி அனுப்புங்கள்: என்ன பேசினோம், எதை மாற்ற உடன்பட்டோம், நான் எதை எந்தத் திகதிக்குள் அனுப்புவேன், அடுத்த சந்திப்பு எப்போது. இதை மரியாதைக் குறைவாக எவரும் எடுத்துக்கொள்வதில்லை. மேற்பார்வையாளர் ஓய்வாண்டு விடுமுறையில் வெளிநாடு போய்ப் புதியவர் வரும்போது, இந்த ஐந்து வரிகள்தான் உங்களை மீண்டும் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பாமல் காக்கும்.

இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலின் கீழ் இரண்டு வரி நினைவூட்டல். இன்னும் ஒரு வாரம் போனால் துறை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து அவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டு நேரில் போங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் கற்கைநெறி இணைப்பாளருக்கு, அவருக்கும் பிறகு பணிப்பாளருக்கு. எந்தக் கடிதத்திலும் குற்றச்சாட்டு வேண்டாம். நீங்கள் அனுப்பியவற்றின் திகதிகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள், அது போதும். மேற்பார்வையாளரை மாற்றும் நடைமுறை பொதுவாக உண்டு. அதைக் கடைசி வருடத்தில் கேட்பதைவிட முதல் வருடத்தில் கேட்பது எல்லோருக்கும் நல்லது.

மொழி பற்றி நேராகப் பேசுவோம். தமிழ் மொழிமூலம் பட்டம் பெற்று ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதப் போகிறவர்கள் திருட்டு எழுத்துச் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் களவு எண்ணத்தால் அல்ல. ஆங்கில வாக்கியத்தை மாற்றினால் பிழையாகிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு சொல்லை மட்டும் மாற்றி அப்படியே வைத்துவிடுகிறார்கள். எழுத்து ஒற்றுமையைத் தேடும் டேர்ன்இட்டின் மென்பொருள் அதைப் பிடித்துவிடும். செய்ய வேண்டியது இது: பந்தியைப் படியுங்கள், மூடிவையுங்கள், அதன் கருத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதி, உடனே மூலத்தைக் குறியுங்கள். ஆங்கில மொழி கற்பித்தல் அலகு பட்டப்பின் மாணவருக்கு வகுப்போ ஆலோசனை நேரமோ தருகிறதா என்று முதல் மாதத்திலேயே விசாரியுங்கள். அங்கே முழு ஆய்வேட்டையும் கொண்டுபோய்த் திருத்தித் தரும்படி கேட்டால் முடியாது என்பார்கள். ஒரு பக்கத்தைக் கொண்டுபோய் “எனக்குத் திரும்பத் திரும்ப வரும் பிழை எது?” என்று கேட்டால் பயன் கிடைக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதானால் உங்கள் நிறுவகத்தின் விதியை முதலில் படியுங்கள், பயன்படுத்தியதை அறிவியுங்கள். அவை தரும் உசாத்துணைகளில் இல்லாத நூல்களும் இல்லாத கட்டுரைகளும் கலந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் நூலகத்தில் கண்ணால் காணாமல் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

தமிழில் ஆய்வேடு எழுத அனுமதி உண்டா என்பதை முன்மொழிவுக்கு முன்பே எழுத்தில் பெறுங்கள். அனுமதி கிடைத்தால் ஒரு எச்சரிக்கை: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டெழுத வேண்டாம். பாமினி எழுத்துருவில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். திரையில் மட்டும் தமிழ் வடிவம் தெரிகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும். தேடல் வேலை செய்யாது. உசாத்துணைகளை அகரவரிசைப்படுத்தினால் தாறுமாறாகும். முதல் பக்கத்திலிருந்தே யுனிகோட்டில் எழுதுங்கள். பாமினி விசைப்பலகைக்கு விரல் பழகியவர்கள் புதிதாகப் பழக வேண்டியதில்லை. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளில் பாமினி விசை அமைப்பையே தெரிவு செய்து யுனிகோட்டில் தட்டலாம். டைப்செட்டிங் கடையில் கொடுப்பதானால் “யுனிகோட்டில் வேண்டும்” என்று சொல்லிக் கொடுங்கள். முடிந்த பிறகு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நூறு பக்கத்தையும் மறுபடி படித்துத் திருத்த நேரிடும். உசாத்துணைகளை ஒழுங்குபடுத்தும் ஸொட்டேரோ மென்பொருள் இலவசம், யுனிகோட் தமிழை ஏற்கும். அதன் இலவசச் சேமிப்பு 300 மெகாபைட்தான் என்பதால் பீ.டி.எஃப். கோப்புகளைத் தனியாகவும் வையுங்கள். கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று பிரதி.

நூலகரை நண்பராக்கிக்கொள்ளுங்கள். வளாகத்துக்கு வெளியேயிருந்து ஆய்விதழ்களைத் திறக்கும் உள்நுழைவு பட்டப்பின் மாணவருக்குக் கிடைக்குமா, இரவல் எத்தனை நூல், வேறு நூலகத்திலிருந்து எடுப்பித்துத் தருவார்களா என்ற மூன்றையும் முதல் நாளே கேளுங்கள். பட்டப்பின் நிறுவக அடையாள அட்டை இருந்தாலும் பிரதான நூலகத்தில் தனியாக அங்கத்துவம் பெற வேண்டியிருக்கலாம். மலையகம் பற்றிய தமிழ் நூல்கள், பழைய இதழ்கள், சிறுவெளியீடுகளுக்கு 2005இலிருந்து இயங்கும் “நூலகம்” என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். தேயிலைச் செய்கை பற்றி எழுதுகிறவர்களுக்குத் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. துறைத் தலைவரின் கடிதத்தோடு முன்கூட்டி அனுமதி பெற்றுப் போங்கள். தொழிலாளர் வாழ்க்கை வரலாற்றை ஆராய்பவர்கள் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்தையே அருங்காட்சியகமாக்கியிருப்பதைப் பார்க்காமல் முன்மொழிவு எழுத வேண்டாம்.

தோட்டத்தில் தரவு சேகரிக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி. நீங்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் ஒழுக்கவியல் குழுவின் அனுமதிக்கு முன் ஒரு நேர்காணலும் எடுக்காதீர்கள். நடந்து முடிந்த நேர்காணலுக்குப் பிறகு அனுமதி தர மாட்டார்கள். சேர்த்த தரவைத் தூக்கி வைக்க வேண்டி வரும். விண்ணப்பத்தோடு தமிழ் விளக்கத்தாள், தமிழ்ச் சம்மதப் படிவம், தமிழ் வினாக்கொத்து, நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் போக வேண்டும். துரை (தோட்ட முகாமையாளர்) அனுமதித்தார் என்பது தொழிலாளி சம்மதித்தார் என்றாகாது. துரையோ கணக்கப்பிள்ளையோ தொழிற்சங்கத் தலைவரோ பக்கத்தில் நிற்கும்போது எடுத்த நேர்காணலில் உண்மை வராது.

கொழுந்தெடுக்கும் நேரத்தில் ஒரு பெண்ணை முக்கால் மணித்தியாலம் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டால் அன்றைய நிறை குறைந்து அவருக்கு அரைப்பேராகிவிடலாம், அதாவது அரைநாள் கூலிதான் கிடைக்கலாம். உங்கள் ஆய்வுக்காக அவர் கூலி இழக்கக் கூடாது. மாலை நிறுவை முடிந்து, வீட்டு வேலை ஓய்ந்த நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை போங்கள். கையெழுத்து என்றதும் பலர் தயங்குவார்கள். நுண்கடன் பத்திரத்தில் கையெழுத்து வைத்துப் பட்ட பாடு தோட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். விளக்கத்தாளை வாசித்துக் காட்டி, வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்யும் வழியை விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெயரை மறைத்தால் மட்டும் அடையாளம் மறையாது. “மேற்பிரிவின் பிள்ளை மடுவப் பொறுப்பாளர், 54 வயது” என்று (பிள்ளை மடுவம் என்பது குழந்தைப் பராமரிப்பு இல்லம்) எழுதினால் அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிரிவையும் வயதையும் பொதுமைப்படுத்துங்கள்.

பணம். கட்டணத்தைத் தவணையில் கட்ட இயலுமா என்பதைக் கெடுவுக்கு முன் எழுத்தில் கேளுங்கள். விஞ்ஞானத் துறையினர் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்வுப் புலமைப்பரிசில் அறிவித்தல்களைக் கவனியுங்கள். மேற்பார்வையாளருக்கு ஆய்வு மானியம் இருந்தால் ஆய்வு உதவியாளர் இடம் உண்டா என்று கேட்பதில் தவறில்லை. இந்தியாவில் படிக்க விரும்புவோருக்கு ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாசார உறவுகள் மன்றம்) புலமைப்பரிசில்கள் உண்டு, விசாரிக்கக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் கிட்ட இருக்கிறது. ஆசிரியர்கள் படிப்பு விடுமுறை கேட்பதானால் விண்ணப்பம் அதிபர், வலயக் கல்வி அலுவலகம், மாகாணத் திணைக்களம் என்று ஏறிப் போகும். தேசிய பாடசாலை என்றால் அமைச்சுக்கு. ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் வகுப்பை விட்டுப் போகாதீர்கள்.

மனநலத்தைப் பற்றி நம் ஊரில் பேசத் தயங்குவார்கள். குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போனவர் என்ற பெருமையே, தோல்வியைச் சொல்ல முடியாத பாரமாகிவிடுகிறது. மூன்று வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், ஆய்வேட்டுக் கோப்பைத் திறக்கவே நெஞ்சு படபடத்தால், உளவளத்துணையாளரைப் பாருங்கள். மாணவர் ஆலோசகர் வேறு, உளவளத்துணையாளர் வேறு. முன்னவர் பெரும்பாலும் விரிவுரையாளர், கல்வி மற்றும் நிர்வாகச் சிக்கலுக்கு வழி காட்டுவார். பின்னவர் மனச் சிக்கலுக்கென்று பயிற்சி பெற்றவர். முதல் சந்திப்பிலேயே, நான் சொல்வது துறைக்குப் போகுமா, தமிழில் பேசலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் தாங்க முடியாத நிலை வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்குகிறது. 1333 உளவள உதவிக்கான இன்னொரு, கட்டணமில்லாத இலக்கம். நோய், பேறுகாலம், குடும்பத்தில் மரணம் எதுவானாலும் ஒத்திவைப்புக்கு விண்ணப்பிக்கலாம். வைத்தியச் சான்றிதழோடு அந்த செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொடுங்கள்.

தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும் இன்னொன்று. புள்ளிக்காகவோ கையொப்பத்துக்காகவோ உடல்ரீதியான எதையும் ஒருவர் கேட்டால் அது சட்டப்படி குற்றம். பாலியல் தொல்லை தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் வருகிறது. பாலியல் இலஞ்சம் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் குற்றமாக்கப்பட்டிருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். நம்பிக்கையான ஒரு பெண் விரிவுரையாளரிடமோ பால்நிலைச் சமத்துவப் பொறுப்பாளரிடமோ முதலில் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் பாதை மூடுவது நமக்குப் புதிதல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டத்தில் வருகிறது. உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்குச் சிவப்பு வந்திருக்கும்போது கினிகத்தேனை வழியாகவோ ரம்பொடை வழியாகவோ பரீட்சைக்குப் புறப்படாதீர்கள். அறிவித்தலைப் படம் பிடித்து, அன்று காலையே இணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அடுத்த வாரம் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தைச் சேர்த்துக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் வராமல் விட்டதாகவே பதிவாகும்.

வாய்மொழிப் பரீட்சை முடிந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். பரீட்சகர் கேட்ட திருத்தங்களுக்கும் ஒரு கெடு உண்டு. மூன்று நிரல் அட்டவணை போடுங்கள்: பரீட்சகர் சொன்னது, நான் செய்தது, பக்க இலக்கம். உடன்படாத திருத்தத்துக்குக் காரணம் எழுதுங்கள். இந்த அட்டவணையோடு போகும் ஆய்வேடு விரைவில் கையொப்பமாகும்.

இம்மடல் பட்டப்பின் நிறுவகங்களின் பணிப்பாளர்கள், பதிவாளர்கள் கண்ணிலும் படும் என்று நம்புகிறோம். மதிப்புக்குரிய ஐயா, அம்மா, உங்கள் மாணவர்கள் சனி ஞாயிறுகளில் வருகிறார்கள். உளவளத்துணை, கணக்குப் பிரிவு, மாணவர் அலுவல்கள் மேசை வார நாட்களில் திறந்திருக்கின்றன. நுவரெலியாவிலிருந்து ஓர் ஆசிரியை ஒரு கையொப்பத்துக்காக விடுமுறை போட்டு வர வேண்டியிருக்கிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து 1 மணி வரை இம்மூன்றையும் திறந்து வையுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி தமிழில் எழுதுகிறவருக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை உண்டு. மாணவர்களுக்கு நாங்கள் சொல்வது, தமிழ்க் கடிதத்தோடு ஒரு பக்க ஆங்கிலப் பிரதியும் வையுங்கள், வேலை விரைவாகும் என்று. ஆனால் அந்தச் சுமை என்றென்றைக்கும் மாணவர் தலையில் இருக்கக் கூடாது. பதிவு, புதுப்பித்தல், ஒத்திவைப்பு, காலநீட்டிப்பு, மேற்பார்வையாளர் மாற்றம், முறைப்பாடு ஆகிய ஆறு படிவங்களையும் தமிழிலும் தாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான உத்தியோகத்தரின் பதவிப் பெயர், அலுவலகத் தொலைபேசி, பதில் தரும் காலக்கெடு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அச்சிட்டு, அடுத்த தொகுதிக்கு முதல் நாள் விரிவுரை அட்டவணையோடு கொடுங்கள்.

அன்புடன்,
மலையகத்தில் பட்டப்பின் மாணவர்களுக்கு வழிகாட்டி வரும் சிலர்